வழியா? நிழலா?

நன்மைக்கும் தீமைக்கும் இடையே வழக்கு எழுந்தால் தீர்ப்புச் சொல்வது எளிது. திருடனுக்கும் பறிகொடுத்தவனுக்கும் நடுவே அமர்ந்திருக்கும் நடுவர், நெடுநேரம் நெற்றியைத் தேய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. நன்மையே நன்மையை எதிர்த்து வழக்காடும்போதுதான் அறிவுக்குத் தேர்வு வருகிறது. அறத்துக்கும் தேர்வு வருகிறது. நாட்டுப்புறத்தில் இன்று அத்தகைய வழக்கு ஒன்று ஊருக்கு ஊர் நடந்துகொண்டிருக்கிறது. வயலுக்கு வழி வேண்டும் என்கிறார் உழவர். வழி போக வேண்டிய இடத்தில் வரிசையாய்ப் பனை நிற்கிறது; அல்லது ஆள் உயரத்துக்கு அடர்ந்த கிளுவை வேலி நிற்கிறது. வழி வந்தால் மரம் விழும். மரம் நின்றால் வழி இல்லை. எது நிற்பது? எது விழுவது?

“மரம்தானே! வெட்டிவிட்டுப் போவோம்” என்பார் ஒருவர். “மரத்தைத் தொட்டால் மாபாவம்” என்பார் மற்றொருவர். இரண்டும் எண்ணிப் பார்க்க மறுப்பவரின் பேச்சுகளே. முன்னவர் மரத்தை விறகாகக் காண்கிறார். பின்னவர் தெய்வமாகக் காண்கிறார். மரத்தை மரமாகக் கண்டு, மனிதனை மனிதனாகக் கண்டு, இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கும் துணிவு இருவருக்கும் இல்லை. அந்தத் துணிவைத்தான் இக்கட்டுரை வேண்டுகிறது.

முதலில் வழி கேட்பவரின் பக்கத்தைக் கேட்போம். சாலை ஓரத்தில் நிலம் வைத்திருப்பவருக்கு வழியின் அருமை தெரியாது. மூச்சு விடுகிறவனுக்குக் காற்றின் அருமை தெரியாததுபோல. உள்ளே, நான்கு பக்கமும் பிறர் வயல் சூழ, நடுவில் கிடக்கும் நிலத்துக்கு உரியவரைக் கேட்க வேண்டும். விதை தலையில் போக வேண்டும். எரு தலையில் போக வேண்டும். ஒன்றரை அடி வரப்பின்மேல், மழையில் வழுக்கும் களிமண்ணின்மேல், கதிர்க்கட்டைத் தலையில் சுமந்து பெண்கள் களத்துமேட்டுக்கு நடக்க வேண்டும். அது ஒரு காலம். அன்று எல்லாரும் அப்படித்தான் சுமந்தார்கள். இன்று அறுப்பு இயந்திரம் வந்துவிட்டது. சாலையோர வயலில் அது இறங்குகிறது. சில மணி நேரத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுப் போகிறது. உள்வயலுக்கு அது வர முடியாது. முன்வயல்காரர் அறுத்து முடித்து, அவருடைய தாளின்மேல் இயந்திரம் ஏறி வர அவர் மனம் இசையும் வரையில் பின்வயல் காத்திருக்க வேண்டும். அதற்குள் மழை வந்தால்? விளைந்த பயிர் சாய்கிறது. சாய்ந்த கதிரில் நெல் முளைக்கிறது. ஆறு மாத உழைப்பு அரை நாள் மழையில் அழிகிறது. காரணம் மழை என்று எழுதிக்கொள்வார்கள். உண்மையான காரணம் வழி இல்லாமை.

இத்தகைய உள்வயல்கள் ஏதோ ஓரிரண்டு என்று எண்ணிவிட வேண்டா. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஓர் உழவரின் சராசரி நிலம் 0.75 எக்டேர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. நூற்றுக்கு 78 பேர் ஓர் எக்டேருக்கும் குறைவான நிலத்தை உழுபவர்கள். தந்தையின் நிலம் மூன்று பிள்ளைகளுக்குப் பிரிகிறது; பிள்ளைகளின் பங்கு பேரப்பிள்ளைகளுக்குப் பிரிகிறது. நிலம் பிரிகிறது, பட்டா பிரிகிறது, வழி மட்டும் பிரிவதில்லை. பத்திரத்திலே “மாமூல் வழிநடைப் பாத்தியம் உள்பட” என்று ஒரு வரி எழுதி வைப்பார்கள். அந்த வரியின்மேல் நடந்து போகலாம். டிராக்டர் ஓட்ட முடியாது.

பொருள் இழப்பு ஒருபுறம் இருக்கட்டும். அதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. வழி இல்லாதவர் ஒவ்வோர் ஆண்டும், ஒவ்வொரு பருவத்திலும், வழி உள்ளவரின் வீட்டு வாயிலில் போய் நிற்க வேண்டும். “இந்த ஒரு தடவை வண்டியை விட்டுக்கொள்கிறேன்” என்று கேட்க வேண்டும். கேட்பவருக்குத் தலை குனிகிறது; கொடுப்பவருக்குத் தலை நிமிர்கிறது. தேர்தலில் யாருக்கு வாக்கு, திருவிழாவில் யாருக்கு முதன்மை, தகராறில் யார் பக்கம் பேசுவது, இவையெல்லாம் அந்த வண்டிச் சக்கரத்தோடு சேர்ந்து சுழல்கின்றன. வழி என்பது வெறும் மண் அன்று. ஒருவனை இன்னொருவனின் தயவிலிருந்து விடுவிக்கும் விடுதலைச் சீட்டு.

இதில் சாதியின் கை இல்லை என்று சொல்ல யாருக்காவது துணிவு உண்டா? செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கைக்குப் பின், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க 1892இல் வெள்ளை அரசு ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று பெயர் பெற்ற அந்நிலங்கள் சற்றேறக்குறைய 12 இலட்சம் ஏக்கர் என்று கணக்குச் சொல்வார்கள். நிலம் கொடுத்த ஆணை, அந்நிலத்துக்கு வழி கொடுத்ததா? சுற்றியுள்ள வயல்காரர் வரப்பை மறித்தால், பட்டா பெட்டியில் இருக்கும். பயிர் வயலில் இராது. 2019ஆம் ஆண்டு வாணியம்பாடிக்கு அருகே நடந்ததை நாடே பார்த்தது. சுடுகாட்டுக்குப் போகும் பாதையை நிலத்துக்காரர்கள் அடைத்துவிட்டதால், இறந்துபோன ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சென்னை உயர்நீதிமன்றம் அதைத் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. பிணத்துக்கே வழி விடாதவர் பயிருக்கு வழி விடுவாரா? ஆகவே வழி கேட்பவரின் குரலைப் பேராசையின் குரல் என்று ஒதுக்குவது அறமன்று.

சரி, இனி மரத்தின் பக்கம் வருவோம். மரம் வாய் திறந்து வழக்காடாது. அதனால் அதன் வழக்கை நாமே எடுத்துரைப்போம். மரத்தில் தேவதை குடியிருக்கிறது, வெட்டினால் குடும்பம் அழியும் என்னும் கதை நமக்கு வேண்டா. அச்சத்தால் காக்கப்படும் மரம், அச்சம் நீங்கிய அன்றே விழுந்துவிடும். மஞ்சள் துணி கட்டிய மரம் தப்பும். துணி கட்டாத மரம் தப்பாது. அறிவால் காக்கப்படும் மரமே நிலைக்கும்.

அறிவு என்ன சொல்கிறது? பனையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் மாநில மரம் அது. நுங்கும் பதநீரும் கிழங்கும் கருப்பட்டியும் தருகிறது. கூரைக்கு ஓலை தருகிறது. ஏற்றமும் இறக்கமுமாக ஏறித் தொழில் செய்யும் ஒரு தொழிலாளர் குலத்துக்கே சோறு தருகிறது. நம் பழம் இலக்கியம் நம் கைக்கு வந்து சேர்ந்ததே அதன் ஓலையில் ஏறித்தான். வரப்பில் நின்று மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. அதன் ஓலையில் தூக்கணாங்குருவி கூடு கட்டுகிறது. அதன் தலையில் அமரும் ஆந்தை வயல் எலியை வேட்டையாடுகிறது. இவ்வளவையும் ஒரு மூட்டை உரமும் கேட்காமல் செய்கிறது.

அதனினும் முதன்மையான செய்தி ஒன்று உண்டு. ஆலையும் கிளுவையையும் போத்து வெட்டி நட்டால் வேர் விடும். பனை அப்படியன்று. விதையிலிருந்துதான் அது எழ வேண்டும். பாளை விடப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளாவது ஆக வேண்டும். பாளை விடும் வரையில் அது ஆண் பனையா பெண் பனையா என்பதும் தெரியாது. நூறாண்டு நிற்கவல்ல அந்த மரத்தை வீழ்த்த இயந்திரத்துக்குச் சில நிமிடம் போதும். சில நிமிடத்தில் செய்யும் ஒன்றைத் திருத்த ஒரு தலைமுறை ஆகும் என்றால், அந்தச் சில நிமிடத்துக்கு முன் சில நாளாவது எண்ண வேண்டாமா? பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாட்டு அரசு அறிவித்ததும், எண்ணாமல் வெட்டும் கையைத் தடுக்கத்தான். செங்கற்சூளையின் வாய்க்குள் எத்தனை பனந்தோப்புகள் போய் மறைந்தன என்பதை நம் ஊர்கள் அறியும்.

கொங்கு நாட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். காங்கயம், தாராபுரம் பகுதிகளில் கொறங்காடு என்றொரு மேய்ச்சல் நிலம் உண்டு. சுற்றிலும் முள்கிளுவை வேலி; உள்ளே கொழுக்கட்டைப் புல்; இடையிடையே வெள்வேல மரம். மழை குறைந்த மண்ணில் காங்கயம் காளையை வளர்த்தெடுத்த ஏற்பாடு அது. அந்த வேலி செடியால் ஆனது. ஆகவே அது வளரும், காற்றைத் தடுக்கும், பாம்புக்கும் கீரிக்கும் பறவைக்கும் வீடாகும். அதைப் பிடுங்கிவிட்டுக் கல்தூணும் முள்கம்பியும் நட்டால் எல்லை இருக்கும்; உயிர் இராது.

“இந்த எழில் இயற்கை தந்தது, மனிதன் கை வைக்கலாகாது” என்று நகரத்திலிருந்து வரும் எழிலன்பர் சிலர் உருகுகிறார்கள். காரின் கண்ணாடி வழியே பனைவரிசையைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறேன். இங்கிலாந்து நாட்டுப்புறத்தைப் பாருங்கள். வயலைச் சுற்றிப் பசிய வேலி, வேலிக்குள் வயல், வேலியிலே பூ என்று ஓவியர்கள் தீட்டித் தீட்டிக் களித்த நாட்டுப்புறம் அது. அந்த வேலிகளில் மிகப் பழையனவும் உண்டு. ஆனால் நடு இங்கிலாந்தில் பெரும்பாலானவை 1750க்கும் 1850க்கும் இடையே நடப்பட்டவை. ஏன் நடப்பட்டன? ஊர்ப் பொதுநிலத்தை வளைத்துத் தனியார் உடைமையாக்க நாடாளுமன்றம் 4000க்கும் மேற்பட்ட சட்டங்களை இயற்றியது. ஏழை தன் பசுவை மேய்த்த புல்வெளியும் விறகு பொறுக்கிய காடும் அவனுக்கு அடைக்கப்பட்டன. அடைப்பதற்கு நட்ட முட்செடியே இன்று எழில். ஏழையை வெளியே தள்ளிய வேலி, ஓவியனின் கண்ணுக்கு விருந்து!

ஆகவே நாட்டுப்புற எழில் வானத்திலிருந்து விழுந்ததன்று. மனிதன் நட்டது, மனிதன் வெட்டியது, சில வேளை மனிதனை வதைத்தது. அதை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பது, அதில் யார் எங்கே நின்றார்களோ அவர்கள் அங்கேயே நிற்க வேண்டும் என்பதாகவும் முடியலாம். எழில் என்ற சொல்லைக் கேட்டவுடன், ‘யாருடைய எழில்? யாருடைய முதுகின்மேல் எழுந்த எழில்?’ என்று கேட்பது பகுத்தறிவாளரின் கடமை.

ஆனால் அந்த வரலாறு அத்துடன் முடியவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின், பெரிய இயந்திரங்களுக்கு இடம் வேண்டும் என்று இங்கிலாந்தில் அந்த வேலிகளைப் பல்லாயிரம் மைல் அளவுக்குப் பிடுங்கினார்கள். பிடுங்க அரசே பணம் கொடுத்தது. பறவை குறைந்த பிறகு, மண் காற்றில் பறந்த பிறகு, அறிவு வந்தது. 1997இல் வேலிகளைக் காக்கச் சட்டம் பிறந்தது. நாட்டுப்புற வேலியைப் பிடுங்க விரும்பினால் உள்ளாட்சிக்கு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். 42 நாள் காத்திருக்க வேண்டும். முப்பது ஆண்டேனும் நின்ற, சிறப்புடைய வேலி என்று கண்டால் உள்ளாட்சி தடுக்கலாம். தீமையிலே பிறந்த வேலிகூட, நூறாண்டு நின்றதால் பல உயிர்க்கு வீடாகிவிட்டது. பிறப்பின் குற்றத்துக்காக அதை வெட்டுவதால் அன்று நிலம் இழந்த ஏழைக்கு நிலம் திரும்பி வந்துவிடாது.

அந்தச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நம் வழக்குக்கு நேரே விடை சொல்வது அது. நிலத்துக்குப் போக வேறு வழியே இல்லை, அல்லது வேறு வழிக்கு அளவுக்கு மீறிய செலவு ஆகும் என்றால், வேலியைத் திறந்து வழி செய்துகொள்ளலாம். பழைய வாயிலுக்குப் பதிலாகப் புதிய வாயில் திறப்பதானால், எட்டு மாதத்துக்குள் பழைய வாயிலில் செடி நட்டு அடைத்துவிட வேண்டும். எவ்வளவு நேரிய சிந்தனை! வேலியைக் காக்க வந்த சட்டமே, வழியற்றவனைக் கண்டதும் ஒதுங்கி நிற்கிறது. அதே வேளையில், ஒரு புண்ணைத் திறந்தவன் இன்னொரு புண்ணை ஆற்ற வேண்டும் என்றும் சொல்கிறது.

நம் நாட்டுச் சட்டமும் இதை அறியாததன்று. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். ஒருவருடைய நிலம் பிரிந்து, ஒரு பங்குக்கு இன்னொரு பங்கின் வழியாகவன்றிப் போக முடியாமற் போனால், தேவையின் பொருட்டு வழி உரிமை தானே பிறக்கிறது என்கிறது அது. இருபது ஆண்டுகள் அமைதியாக, வெளிப்படையாக, இடைவிடாமல், உரிமையோடு நடந்து வந்த பாதையை மறிக்கலாகாது என்கிறது. அத்துடன் நிற்கவில்லை. வழி பெற்றவர், வழி கொடுத்தவருக்கு இயன்ற அளவு குறைந்த சுமை தரும் முறையிலேயே அதைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. தேவை முடிந்தால் தேவையால் பிறந்த உரிமையும் முடியும் என்கிறது. வேறு வேறு நாட்டில், வேறு வேறு நூற்றாண்டில் எழுந்த இரண்டு சட்டங்கள் ஒரே சொல்லின்மேல் வந்து நிற்கின்றன. தேவை என்பதே அந்தச் சொல்.

தேவை வேறு, வசதி வேறு. இந்த வேறுபாட்டை மறந்ததால்தான் நம் வழக்குகள் முடிவதில்லை. வழியே இல்லாதவர் வழி கேட்பது தேவை. நடந்து வழி உண்டு, வண்டி வழி இல்லை என்பவர், விளைச்சலை வெளியே கொண்டுவர வண்டி வழி கேட்பதும் தேவை. வண்டிப்பாதை தெற்கே இருக்க, வடக்கே வந்தால் சாலைக்கு இரண்டு நிமிடம் மிச்சம் என்று பனையை வெட்டக் கேட்பது வசதி. பத்தடிப் பாதை இருக்க, நாளை மனைக்கட்டாக விற்கலாம் என்று இருபதடி கேட்பது வசதிகூட இல்லை, வணிகம். “உழவுக்கு வழி” என்று சொல்லி மரத்தைச் சாய்ப்பதும், மறு ஆண்டு அந்த வழியில் கலப்பை போகாமல் எல்லைக்கல் போவதும் நாம் காணாத காட்சியா? உழவனின் பெயரைச் சொல்லி வெட்டுகிறவர்கள் எல்லாரும் உழவர்கள் அல்லர்.

இந்தக் கேள்வியை ஒருநாள் என் வகுப்பு மாணவர்களிடம் வைத்தேன். ஒரு மாணவி எழுந்து, “மரத்தைச் சுற்றிப் பாதையை வளைத்துக்கொண்டு போனால் என்ன ஐயா?” என்றாள். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன், “வளைத்தால் பக்கத்து வயலில் இரண்டு குழி நிலம் போகுமே, அவர் விடுவாரா?” என்றான். அவ்வளவுதான். நூல்கள் பல படித்தும் எனக்கு விளங்காத முடிச்சை அந்தச் சிறுவன் அவிழ்த்துவிட்டான். மரத்துக்கும் வழிக்கும் சண்டை என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோமே, உண்மையில் பல இடங்களில் அது சண்டையே அன்று. வழிக்கும் இரண்டு குழி நிலத்துக்கும்தான் சண்டை. இந்தப் பக்கத்துக்காரர் நிலம் விட மாட்டார். அந்தப் பக்கத்துக்காரரும் விட மாட்டார். நடு வரப்பில் நிற்கும் மரத்துக்குப் பட்டா இல்லை, வாய் இல்லை, வாக்கு இல்லை. ஆகவே அது விழுகிறது. இரண்டு மனிதரின் பிடிவாதத்துக்கு ஒரு மரம் பலி!

முல்லைக் கொடிக்குத் தேரைக் கொடுத்த பாரியைப் பாராட்டாத மேடை உண்டா? புன்னையை உடன்பிறந்தவளாக எண்ணி, அதன் நிழலில் காதலனோடு பேச நாணிய நற்றிணைத் தலைவியைப் போற்றாத புலவர் உண்டா? போற்றுவோம். ஆனால் பாரிக்குத் தேர் இருந்தது. தேர் ஓடப் பாதையும் இருந்தது. இன்று முல்லைக்குத் தேர் தர வேண்டா; நெல்லுக்கு இரண்டு குழி தந்தால் போதும். அதைத் தருகிறவரைப் பாரியின் வழித்தோன்றல் என்று நான் கொண்டாடுவேன். அதைத் தராமல், “என் பனை என் உயிர்” என்று கண்ணீர் வடிப்பவரை நம்ப மாட்டேன். அதே சங்கப் பாட்டில் பகைவனின் காவல் மரத்தை வெட்டி வீழ்த்திய வேந்தர்களும் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிட வேண்டா. மரத்தை வெட்டுவதும் ஆதிக்கத்தின் கருவியாகலாம். மரத்தைக் காப்பதாகச் சொல்வதும் ஆதிக்கத்தின் கருவியாகலாம்.

இங்கே ஒரு வினா எழும். மனிதத் தேவை என்று வந்துவிட்டால் மரம் எப்போதும் தோற்க வேண்டியதுதானா? மரத்துக்கென்று ஓர் உரிமை இல்லையா? தத்துவ நூலார் இதைப் பலவாறு பேசுவர். மரத்துக்கு உயிர் உண்டு. அதனால் உரிமை உண்டு என்பர் சிலர். உரிமை என்பது கேட்கத் தெரிந்தவனுக்கே என்பர் சிலர். எனக்கு அவ்வளவு தொலைவு போகத் தேவையில்லை என்று தோன்றுகிறது. மரத்தின் பின்னே ஒரு மனிதக் கூட்டமே நிற்கிறது. பிறக்காத பிள்ளைகளின் கூட்டம் அது. அவர்கள் ஊர்க்கூட்டத்துக்கு வர மாட்டார்கள். கை தூக்க மாட்டார்கள். மனு எழுத மாட்டார்கள். ஆனால் ஐம்பது ஆண்டு கழித்து அந்த வெயிலில் நிற்கப்போகிறவர்கள் அவர்களே. பனை விதை ஊன்றிய கிழவர், தாம் அதன் நுங்கைத் தின்னப்போவதில்லை என்பதை அறிந்தே ஊன்றினார். அவர் கொடுத்தது நமக்கு மட்டும் அன்று. நம் வழியாக அவர்களுக்கு. இடையில் வாங்கிக்கொண்டு கொடுக்காமல் போகிறவனை நாட்டுமொழியில் என்னவென்று சொல்வார்கள் என்பது வாசகர் அறியாததா?

ஆகவே நான் கண்ட முறை இது. வாழ்கின்றவரின் தேவை முதலில் நிற்க வேண்டும். வரப்போகிறவரின் உடைமை அதற்கு அடுத்து நிற்க வேண்டும். வாழ்கின்றவரின் வசதி கடைசியில் நிற்க வேண்டும். பசிக்கும் உழவனை நோக்கி, “உன் பேரனின் நிழலுக்காக நீ பட்டினி கிட” என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. வயிறு நிறைந்தவர் இன்னும் இரண்டு நிமிடம் மிச்சம் பிடிக்கப் பேரனின் நிழலைப் பிடுங்கவும் எவருக்கும் உரிமை இல்லை.

இந்த முறையை ஊர் அளவில் நடத்திப் பார்ப்பது கடினமன்று. கோடரியைத் தூக்குமுன் நான்கு வினாக்களைக் கேட்டால் போதும். வேறு வழி உண்டா? கிராம வரைபடத்தையும் புல வரைபடத்தையும் விரித்துப் பாருங்கள். வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று கோடு கிழித்த பாதை ஒன்று யாருடைய வயலுக்குள்ளாவது மறைந்து கிடக்கும். மறைந்த பாதையை மீட்பது, நிற்கும் மரத்தை வெட்டுவதினும் நேரிய செயல். ஆனால் மறைத்தவர் பெரிய மனிதராக இருப்பதால் ஊர் மரத்தின் பக்கம் திரும்புகிறது. அடுத்து, பாதையை வளைக்க முடியுமா? முடிந்தால், நிலம் இழப்பவருக்கு வழி பெறுபவர்கள் ஈடு செய்யட்டும். மூன்றாவது, ஆண்டு முழுவதும் வழி வேண்டுமா, அறுப்புக் காலத்தில் மட்டும் போதுமா? அறுத்த தாளின்மேல் சங்கிலி வண்டி ஏறிப் போகும். அதற்கு முன்வயலும் பின்வயலும் ஒரே பட்டத்தில் நடவு செய்யப் பேசி வைத்துக்கொண்டால் போதும். இயந்திரத்துக்காக ஊரை மாற்றுவதற்கு முன், ஊருக்கு ஏற்ற சிறிய இயந்திரம் உண்டா என்றும் பார்க்க வேண்டும். நான்காவது, வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், எத்தனை மரம்? இருபது பனை நிற்கும் வரிசையில் வண்டி நுழைய இரண்டு போதும். இரண்டை வெட்ட இசைவு வாங்கிவிட்டு இருபதையும் சூளைக்கு ஏற்றுவது திருட்டு.

நான்கு வினாவுக்கும் விடை தேடி, வேறு வழியே இல்லை என்று முடிவாகிவிட்டால்? அப்போது மரம் விழட்டும். இதைச் சொல்ல எனக்கு வருத்தம் உண்டு, தயக்கம் இல்லை. நான்கு தலைமுறையாக அடுத்தவர் வாயிலில் நின்று கெஞ்சிய குடும்பம் ஒன்று தன் வண்டியைத் தன் வயலுக்கு ஓட்டிச் செல்வதற்கு ஒரு மரம் தடையாக நிற்குமானால், அந்த மரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விழ வேண்டியதே. ஆனால் விழுந்த இடத்தின் கடனை அந்தக் குடும்பத்தின் தலையில் மட்டும் கட்டக்கூடாது. வழி இல்லாத வயலை உண்டாக்கியது அந்தக் குடும்பம் அன்று, ஊர். ஆகவே ஈடு நடுவதும் ஊரின் கடமை. ஒரு பனை விழுந்தால் ஏரிக்கரையில் பத்து விதை ஊன்ற வேண்டும். ஊன்றியதோடு நில்லாமல் ஆடு கடிக்காமல் காக்க வேண்டும். விழா எடுத்து நடுவது எளிது. மூன்று கோடை கடந்து காப்பதே நடவு. புதிய பாதையின் இரு மருங்கிலும் வேம்பும் பூவரசும் நட்டால், பத்தாண்டில் அந்த வழியே நிழலாகும். வழி கொடுத்த ஊருக்கு அதுவே பெருமை.

எழில் வேண்டும். யாரையும் வாயிலில் நிறுத்தி வைக்காத எழிலாக அது இருக்க வேண்டும். வழி வேண்டும். பிறக்கப்போகும் பிள்ளையின் பங்கைத் திருடாத வழியாக அது இருக்க வேண்டும். நமக்கு வேண்டியது நெஞ்சில் இரண்டு குழி இடம். அது இருந்தால் நிலத்தில் இரண்டு குழி தானே பிறக்கும். அது பிறந்துவிட்ட ஊரில் மரமும் நிற்கும், வண்டியும் போகும், மனிதனும் நிமிர்ந்து நடப்பான்.

வரப்புக்கு வரப்பு நின்றுகொண்டு வழக்காடும் உழவர்களே! உங்களைப் பிரித்து வைத்திருப்பது பனை அன்று. அதை வெட்டினாலும் நீங்கள் சேரப்போவதில்லை. முதலில் சேருங்கள். பிறகு மரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அதை வெட்டும் தேவையே இராது.